நல்ல தூக்கத்துக்கான வேலை காலையில் தொடங்குகிறது: ஒரு முழுமையான வழிகாட்டி

தூக்கம் வரவில்லை என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அதற்கான தீர்வை இரவில்தான் தேடுகிறார்கள். இளஞ்சூடான பால், புதுத் தலையணை, கைப்பேசியில் மழைச் சத்தம், நூறிலிருந்து பின்னோக்கி எண்ணுவது என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பார்கள். இவற்றால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் விளக்கை அணைத்த பிறகு நம் கையில் இருப்பது மிகக் கொஞ்சம். படுத்துக்கொண்டு தூக்கத்துக்காகப் பாடுபட்டால் அது இன்னும் தள்ளித்தான் போகும். காலையில் எழுந்த நேரம், பகலில் கண்ணில் பட்ட வெளிச்சம், மாலையில் குடித்த காபி, படுக்கையில் விழித்துக்கொண்டு கிடந்து பழகிய பழக்கம் ஆகியவை அன்றிரவுத் தூக்கத்தை அதற்கு முன்பே பெருமளவு தீர்மானித்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டி காலையில் தொடங்கி இரவுக்கு வருகிறது. படிகளை வரிசை மாற்றாமல் செய்து பாருங்கள்.

தூக்கம் குறைந்தால் என்ன ஆகிறது?

வளர்ந்தவர்களுக்கு இரவில் 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது 2015இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ வல்லுநர்கள் கூடி எடுத்த முடிவு. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம், 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம். பதின்ம வயதுப் பிள்ளை விடுமுறை நாளில் நெடுநேரம் தூங்குவதைச் சோம்பல் என்று திட்டும் பெற்றோர், இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டுத் திட்டலாம்.

இரவு முழுவதும் தூக்கம் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக, லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று மாறி மாறி வருகிறது. ஆழ்ந்த தூக்கம் இரவின் முற்பகுதியில் மிகுதி. அப்போது இரத்த அழுத்தம் இறங்குகிறது, வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. கண்கள் இமைக்குள் அங்குமிங்கும் ஓடும் கனவுத் தூக்கம் விடியலை நோக்கி நீண்டுகொண்டே போகிறது. ஆகவே வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக அலாரம் வைத்து எழுகிறவர் இழப்பது பெரும்பாலும் கனவுத் தூக்கத்தைத்தான்.

2003இல் வெளியான ஓர் ஆய்வைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. உடல்நலம் உள்ளவர்களை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, ஒரு பிரிவினரை 14 நாட்கள் இரவுக்கு 6 மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். திரையில் அடையாளம் தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும். எத்தனை முறை தவறவிடுகிறார்கள் என்று நாள்தோறும் எண்ணினார்கள். தவறுகள் நாளுக்கு நாள் கூடின. இரண்டு வார முடிவில் அவர்களுடைய நிலை, ஓரிரவு முழுக்கக் கண் விழித்தவர்களின் நிலைக்கு வந்திருந்தது. ஆனால் ‘உங்களுக்கு எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது?’ என்று கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப் பிறகு அவர்கள் சொன்ன அளவு பெரிதாக ஏறவே இல்லை. ‘எனக்கு ஆறு மணி நேரம் போதும், பழகிவிட்டது’ என்று யார் சொன்னாலும் எனக்கு இந்தப் பொத்தான்தான் நினைவுக்கு வருகிறது. கெட்டுப்போவதை உணரும் திறனும் சேர்ந்து மங்கிவிடுவதால், இதில் சொந்தச் சாட்சியம் செல்லாது.

உடலும் தப்புவதில்லை. 1999இல் நடந்த ஆய்வில், இளைஞர்களை ஆறு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டபோது, இரத்தச் சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்தது. 2015இல் இன்னொரு குழுவினர் 164 பேரின் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டு மருந்தாக விட்டுப் பார்த்தார்கள். 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கி வந்தவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கும் சற்று அதிகமாக இருந்தது. நீண்ட காலத் தூக்கக் குறைவு உயர் இரத்த அழுத்தம், இரண்டாம் வகை நீரிழிவு, இதய நோய், மனச்சோர்வு ஆகியவற்றோடு சேர்ந்தே காணப்படுகிறது.

இதையெல்லாம் நள்ளிரவில் விழித்துக்கொண்டு படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். ஓரிரு இரவுகள் கெட்டால் உடல் அடுத்த இரவில் ஆழமாகத் தூங்கி ஈடுகட்டிக்கொள்ளும். ‘இன்றும் தூங்காவிட்டால் என்ன ஆகுமோ’ என்ற பயமே பலருடைய தூக்கமின்மையை வளர்த்துவிடுகிறது.

தூக்கத்தை வரவைக்கும் இரண்டு விசைகள்

கீழே வரும் படிகள் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றைத்தான் தொடுகின்றன. சுவிட்சர்லாந்து ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் இவற்றைச் சேர்த்து விளக்கினார்.

முதலாவது, தூக்கப் பசி. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது, சேரச்சேரக் கண் செருகுகிறது, தூங்கினால் கரைகிறது. மாலையில் குட்டித் தூக்கம் போட்டுவிட்டு இரவில் புரள்கிறவர், விருந்துக்கு முன் நொறுக்குத்தீனி தின்றவரைப் போன்றவர்.

இரண்டாவது, உடல் கடிகாரம். மூளையில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. இரவு வந்ததை உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் எப்போது சுரக்க வேண்டும், எப்போது உடல் வெப்பம் இறங்க வேண்டும் என்பதை அதுதான் ஒழுங்குபடுத்துகிறது. இந்தக் கடிகாரம் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓடுகிறது. கண்டுகொள்ளாமல் விட்டால் தூக்க நேரம் நாளுக்கு நாள் பின்னால் நழுவும். அதைத் தினமும் இழுத்துப் பிடித்து நிறுத்துவது காலை வெளிச்சம்.

படி 1: இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் உங்கள் தூக்கத்தின் கணக்கு வேண்டும். காலையில் எழுந்ததும் ஒரு தாளில் ஐந்து விவரங்கள்: படுத்த நேரம், தூங்கிய நேரம், நடுவில் விழித்திருந்த நேரம், கடைசியாக விழித்த நேரம், படுக்கையை விட்டு எழுந்த நேரம். எல்லாம் உத்தேசமாக இருந்தால் போதும். இதற்காக இரவில் கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது.

ஒருவருடைய ஓரிரவை எடுத்துக்கொள்வோம். 10 மணிக்குப் படுத்தார், 11.30க்குத் தூங்கினார், நடுவில் ஒரு மணி நேரம் விழித்துக் கிடந்தார், 5.30க்கு முழுதாக விழிப்பு வந்தது, 6.30க்கு எழுந்தார். படுக்கையில் இருந்தது எட்டரை மணி நேரம், தூங்கியது ஐந்து மணி நேரம். ஐந்தை எட்டரையால் வகுத்தால் சுமார் 59 சதவீதம். 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நன்று என்பது மருத்துவர்கள் வைத்துக்கொள்ளும் பொதுவான கோடு. இவருக்குப் படுக்கை நேரத்துக்குப் பஞ்சமே இல்லை என்பது தாளைப் பார்த்தாலே தெரிகிறது. இன்னும் சீக்கிரம் படுக்கச் சொல்வதுதான் இவருக்குச் சொல்லக்கூடிய மிக மோசமான யோசனை. கணக்கு வேறு மாதிரியும் வரலாம்: 12.30க்குப் படுத்து 6 மணிக்கு எழுகிறவரின் சதவீதம் 95ஆக இருந்தால் அவருக்குத் தூக்கமின்மை இல்லை. தூங்க நேரம்தான் இல்லை. அவர் செய்ய வேண்டியது மாலை வேலைகளில் எதையாவது வெட்டி, படுக்கும் நேரத்தை முன்னால் கொண்டுவருவது மட்டுமே.

கையில் கட்டும் கருவி இதையெல்லாம் காட்டுமே என்று கேட்கலாம். அசைவையும் இதயத் துடிப்பையும் வைத்து அது ஊகிக்கிறது. மொத்த நேரத்தை ஓரளவு சரியாகச் சொல்லும். ஆழ்ந்த தூக்கம் எத்தனை நிமிடம் என்று காட்டுவதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவர் அதில் மதிப்பெண் குறைந்திருப்பதைப் பார்த்துச் சோர்ந்துபோவதும் நடக்கிறது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் கழற்றி வைத்துவிடுங்கள்.

படி 2: எழும் நேரத்தை ஆணி அடித்து வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். படுக்கும் நேரத்தை ஏன் சொல்லவில்லை என்றால், எழுவதற்கு அலாரம் வைக்கலாம், தூங்குவதற்கு வைக்க முடியாது. எழும் நேரம் நிலையாக இருந்தால், அன்றிரவு எத்தனை மணிக்குக் கண் செருகும் என்பதும் சில வாரங்களில் நிலைப்பட்டுவிடும்.

விடுமுறை நாளும் இதில் சேர்த்தி. வார நாளில் 6 மணிக்கு எழுகிறவர் ஞாயிற்றுக்கிழமை 9.30க்கு எழுந்தால், அன்றிரவு 10 மணிக்கு அவர் விழித்தே பன்னிரண்டரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். தூக்கப் பசி போதாது. காலை வெளிச்சமும் தாமதமாகக் கிடைத்ததால் கடிகாரமும் பின்னுக்கு நகர்ந்திருக்கும். ஊர் மாறாமலேயே விமானப் பயணக் களைப்பு. திங்கட்கிழமை மீது நமக்கு இருக்கும் வெறுப்பில் ஒரு பங்கு இதற்குச் சேர வேண்டியது. விடுமுறையில் ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கடினமான பகுதி, மோசமான இரவுக்கு அடுத்த காலை. மூன்று மணி நேரம்தான் தூங்கியிருப்பீர்கள். இன்னும் கொஞ்சம் கிடந்தால் என்ன என்று தோன்றும். அன்றும் அதே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். பகல் கொஞ்சம் கனமாகப் போகும். அதற்குக் கூலியாக இரவில் பசி முழுதாகச் சேர்ந்திருக்கும்.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியே போய் 20 முதல் 30 நிமிடம் வெளிச்சம் படும்படி இருங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, தேவையும் இல்லை. விளக்கு எரியும் அறையில் கிடைப்பது பெரும்பாலும் சில நூறு லக்ஸ் வெளிச்சம். மேகம் மூடிய நாளிலும் வெளியே அது ஆயிரக்கணக்கில் இருக்கும். ஜன்னலோரம் உட்கார்வது, வெளியே நடப்பதற்கு ஈடாகாது.

இரவுப் பணி செய்கிறவர்களுக்கு இது தலைகீழ். பணி முடிந்து வரும்போது கருப்புக் கண்ணாடி, வந்ததும் கனத்த திரை போட்ட அறை, பணியின் முற்பகுதியில் நல்ல வெளிச்சம். முடிந்தால் பணி நேரத்தை வாரத்துக்கு வாரம் மாற்றாமல் கேட்டு வாங்கிக்கொள்வது.

படி 3: பிற்பகலில் கணக்காக இருங்கள்

அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடங்களில் காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபின் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. பசி இருக்கும், தெரியாது. உடலில் புகுந்த காஃபினில் பாதி வெளியேறவே பெரும்பாலானோருக்கு 5 மணி நேரம் போல ஆகிறது. கர்ப்பிணிகளுக்கு இன்னும் நீளும். 2013இல் வெளியான ஆய்வில், படுக்கைக்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்கள் ஒரு மணி நேரத்துக்கும் அதிகமான தூக்கத்தை இழந்தார்கள். ‘நான் காபி குடித்த கையோடு தூங்கிவிடுவேன்’ என்பவர்களும் தூங்கிவிடலாம்; தூக்கத்தின் ஆழம் குறைந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. நண்பகலுக்குப் பிறகு காபி, தேநீர், ஊக்க பானம் வேண்டாம் என்பது எளிதாக நினைவில் நிற்கும் எல்லை.

பகல் தூக்கம் வேண்டுமென்றால் 20 நிமிடம், அதுவும் 3 மணிக்கு முன். இரவில் தூக்கம் வராமல் தவிக்கிறவர்கள் அதையும் சில வாரங்கள் விட்டுவிட வேண்டும். உடற்பயிற்சி எந்த நேரத்திலும் நல்லதே; மிகக் கடுமையானதை மட்டும் படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் தவிர்க்கலாம்.

மதுவைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலகெங்கும் இருக்கிறது. அது சீக்கிரம் தூங்கவைக்கும், உண்மைதான். ஆனால் முற்பாதியில் கனவுத் தூக்கத்தைக் குறைத்து, பிற்பாதியில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். குறட்டையும் கூடும். புகையிலை வெளிப்படையான ஊக்கப் பொருள். அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

படி 4: கடைசி ஒரு மணி நேரம்

விளக்குகளைக் குறையுங்கள். கைப்பேசித் திரையின் நீல ஒளி மீது எல்லாப் பழியையும் போடுவது வழக்கமாகிவிட்டது. வெளிச்சம் ஒரு காரணம்தான்; ஆனால் திரையில் ஓடும் விஷயம் அதைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம். அலுவலக மின்னஞ்சலோ சண்டை விவாதமோ மஞ்சள் ஒளியில் படித்தாலும் மஞ்சளாகவே தூக்கத்தைக் கெடுக்கும். கைப்பேசியை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம்.

படுக்கைக்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பு, 40 முதல் 42 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் குளிப்பது உதவும். வெந்நீர் கைகால் தோலுக்கு இரத்தத்தைக் கொண்டுவருகிறது. அதன் வழியாக உடலின் உள்வெப்பம் வெளியேறி இறங்குகிறது. அந்த இறக்கம்தான் தூக்கத்துக்கு வாசல். குளித்த உடனே படுத்தால் பலன் குறைவு.

மனத்தில் ஓடும் வேலைகளுக்குத் தாள்தான் மருந்து. 2018இல் ஓர் ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் மறுநாள் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், அன்று முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு விரைவில் தூங்கினார்கள்.

அறை இருட்டாகவும் அமைதியாகவும் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருந்தால் போதும்.

படி 5: விழித்திருக்கும்போது படுக்கையில் கிடக்காதீர்கள்

நள்ளிரவு விழிப்பு வருகிறது. கை தானாகக் கடிகாரத்தைத் தேடுகிறது. 2.40. ‘இப்போது தூங்கினால் மூன்று மணி இருபது நிமிடம் கிடைக்கும்.’ புரண்டு படுக்கிறீர்கள். 3.15. ‘சரி, இரண்டே முக்கால் மணி நேரம்.’ கணக்கு குறையக் குறைய இதயம் வேகமாக அடிக்கிறது. இப்படிச் சில மாதங்கள் போனால், படுக்கையைப் பார்த்ததும் விழித்துக்கொள்ள மூளை பழகிவிடுகிறது. சோபாவில் உட்கார்ந்தபடி தூங்கி வழிந்தவர், படுக்கைக்குப் போனதும் பளிச்சென்று விழித்துக்கொள்வது இதனால்தான்.

இந்தப் பழக்கத்தை உடைக்கும் முறையை ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972இல் வகுத்தார். கண் செருகும்போதுதான் படுக்க வேண்டும். ‘மணி பத்தாகிவிட்டது’ என்பது படுக்கக் காரணம் ஆகாது. படுக்கை தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டும். உத்தேசமாகப் பதினைந்து, இருபது நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத ஏதாவது: துணி மடிக்கலாம், ஏற்கெனவே படித்த புத்தகத்தைப் புரட்டலாம். கண் செருகிய பிறகே திரும்ப வேண்டும். மறுபடியும் வரவில்லையா, மறுபடியும் எழுந்திருங்கள். முதல் சில இரவுகளில் நான்கைந்து முறை எழ நேரலாம்.

‘தூங்காவிட்டாலும் படுத்திருந்தால் உடலுக்கு ஓய்வுதானே’ என்ற வாதம் நியாயமாகத் தோன்றும். ஓய்வு கிடைக்கும், கூடவே பழக்கமும் இறுகும். தள்ளாமையால் இரவில் எழுந்து நடந்தால் விழக்கூடியவர்கள் மட்டும், படுக்கையிலேயே சாய்ந்து உட்கார்ந்து இதைச் செய்யலாம். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.

படி 6: படுக்கை நேரத்தைச் சுருக்குங்கள்

முதல் ஐந்து படிகளை மூன்று நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் பலன் இல்லாதவர்களுக்கு இது. ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் அறிமுகப்படுத்திய முறை.

முதல் படியில் பார்த்தவரின் இரண்டு வாரச் சராசரித் தூக்கம் ஐந்தரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரம் சேர்த்து ஆறு மணி நேரம் மட்டுமே அவருக்குப் படுக்கை. 6.30க்கு எழ வேண்டும் என்பதால், 12.30க்கு முன் படுக்கவே கூடாது. சிதறிக் கிடந்த தூக்கம் சில நாட்களில் ஒன்றுசேரத் தொடங்கும். ஒரு வாரச் சதவீதம் 85ஐத் தாண்டினால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னால் கொண்டுவரலாம். தாண்டாவிட்டால் அப்படியே இன்னொரு வாரம். இப்படி மெல்ல மெல்ல ஏழு மணி நேரத்தை எட்டுவது.

முதல் வாரம் பகலில் நன்றாகத் தள்ளாடும். சராசரி எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகாதீர்கள். வலிப்பு நோய், இருமுனை மனநோய் உள்ளவர்கள், தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறவர்கள், வண்டி ஓட்டுவதையோ ஆபத்தான இயந்திரங்களையோ தொழிலாகக் கொண்டவர்கள் மருத்துவர் துணையின்றி இதைத் தொடக் கூடாது. ஐந்தாவது, ஆறாவது படிகளோடு தூக்கம் பற்றிய அச்சங்களைப் பேசித் தெளிவதையும் சேர்த்து நடத்தும் சிகிச்சைக்கு ‘தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை’ என்று பெயர். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

வாரத்துக்கு மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களுக்கு மேல் தூக்கம் கெட்டு, பகல் வேலையும் பாதிக்கப்பட்டால் போக வேண்டும். இரண்டு வாரத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். பத்து நிமிடப் பேச்சைவிட அது அதிகம் சொல்லும்.

உரத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று பின் திணறி வருவது, காலைத் தலைவலி, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் அசந்துபோவது: இவை தூக்கத்தில் மூச்சு தடைப்படுவதன் அடையாளங்கள். மேலே சொன்ன எந்தப் படியும் இதைச் சரிசெய்யாது. மூச்சு நிற்பது தூங்குகிறவருக்குத் தெரியாது என்பதால், பக்கத்தில் படுக்கிறவர் சொல்வதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவி 1981 முதல் இருக்கிறது. நன்றாகவே வேலை செய்கிறது. மாலையானால் கால்களில் இனம்புரியாத குடைச்சல், அசைத்தால் மட்டும் தணிகிறது என்றால் இரும்புச் சத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று விட்டால் முன்பைவிடத் தூக்கம் கெடும்; சில வகைகளில் வலிப்புகூட வரலாம். அளவைப் படிப்படியாகக் குறைப்பது எழுதிக்கொடுத்தவரின் வேலை. மெலடோனின் மாத்திரை கடிகாரத்தை நகர்த்தும் சமிக்ஞை. நேரம் மாறிய நாடுகளுக்குப் பயணம் போகும்போது பயன்படும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு அதிலிருந்து பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

வண்டி ஓட்டும்போது கண் செருகினால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் உதவாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு, அது வேலை செய்யத் தொடங்கும் வரை 15 முதல் 20 நிமிடம் தூங்குங்கள். அப்படி இரண்டாவது முறை நேர்ந்தால், மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை சாவியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.